முஸ்கிர், முர்கித், முஃப்ஸித்: மயக்கப் பொருள்களும் தோல் நகரங்களும்

மது விலக்கப்பட்டது என்பதை நம் ஊர்களில் மக்தபுக்குச் செல்லும் சிறுவனும் அறிவான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூர் ஆகிய ஊர்களின் ஜும்ஆ மேடைகளில் மதுவின் தீமை அடிக்கடி பேசப்படுகிறது. ஆயின் மருந்துக் கடையில் அட்டையாகக் கிடைக்கும் தூக்க மாத்திரையும், காலணிப் பட்டறையில் மூடி திறந்து கிடக்கும் பசை டின்னும் அப்பேச்சில் இடம்பெறுவது அரிது. ஒன்று மருந்து, மற்றொன்று தொழிலுக்குரிய பொருள். இவற்றுக்குக் கிண்ணமும் இல்லை, குடிகாரன் என்ற பழிச்சொல்லும் இல்லை. எனவே இவற்றால் சீரழியும் இளைஞனை அவன் வீட்டாரே காலம் கடந்துதான் கண்டுகொள்கின்றனர்.

இவை புதிய பொருள்கள். பழைய நூல்களில் இவற்றுக்கு வழி காண இயலாது என்று சிலர் கருதுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மருந்தாகவும் மயக்கமாகவும் ஒருங்கே விளங்கும் பொருளை எவ்வாறு மதிப்பிடுவது என்ற வினா, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவரையும் சட்ட அறிஞரையும் ஆட்கொண்டிருந்தது. அவர்கள் பொருளின் பெயரைப் பார்க்கவில்லை. அது அறிவுக்கும் உடலுக்கும் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தனர். அந்த நோக்கு இன்று தோல் நகரங்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

கம்ரு என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் மூடுதல், மறைத்தல் என்பதாகும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் சொற்பொழிவொன்றில் அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ரு என விளக்கியதை புகாரீ பதிவு செய்துள்ளது. திராட்சைச் சாறா, பேரீச்சையா, தேனா என்ற வினா அங்கே இரண்டாம் நிலைக்குச் சென்றுவிடுகிறது.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி. போதை தரும் யாவற்றையும், தளர்ச்சி தரும் யாவற்றையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற அச்செய்தி அபூதாவூதிலும் அஹ்மதிலும் இடம்பெற்றுள்ளது. தளர்ச்சி தருவது என்பதற்கு அரபு மூலத்தில் உள்ள சொல் முஃபத்திர். இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கத்தாபீ (ரஹ்), உடலில் சோர்வையும் கைகால்களில் மரமரப்பையும் உண்டாக்குவது என இச்சொல்லுக்குப் பொருள் கூறினார். இன்றைய மருத்துவர் ஒருவர் அமைதியூட்டும் மாத்திரையின் விளைவைச் சொல்ல வேண்டுமாயின், இதற்கு மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவர் கையில்

பன்ஜ், அஃப்யூன், யப்ரூஹ் ஆகிய மூன்றும் அரபு மருத்துவ நூல்களில் அடிக்கடி வரும் பெயர்கள். பழைய மருத்துவ நூல்களில் பன்ஜ் என்பது பெரும்பாலும் குரோசானி ஓமம் என நாம் வழங்கும் செடியைக் குறிக்கும். அஃப்யூன் என்பது நம் வழக்கில் உள்ள அபின். யப்ரூஹ் என்பது மனித உருவை ஒத்த வேருடைய ஒரு மூலிகை. இப்னு சீனா (980-1037) தம் 'கானூன்' நூலில் இவற்றை உணர்வை மரக்கச் செய்வன என்னும் பொருளில் முகத்திராத் என்ற பிரிவில் வைத்தார். வலியைத் தணிக்க இவற்றைப் பயன்படுத்தலாம் என்ற அவர், அளவு மீறினால் உயிருக்கே ஊறு நேரும் எனவும் எச்சரித்தார்.

சட்ட அறிஞர்கள் இம்மருத்துவப் பயனை மறுக்கவில்லை. அழுகிய கையை வெட்டி அகற்ற நேரும்போது நோயாளிக்கு அறிவு மயங்கச் செய்யும் மருந்தைத் தரலாமா என்ற வினாவை இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 676) தம் 'மஜ்மூ'வில் எடுத்து ஆராய்கிறார். கருத்து வேறுபாட்டைக் குறிப்பிட்டு, அனுமதியே சரியான கருத்து என முடிக்கிறார். அறுவை அரங்கில் மயக்க மருந்து நிலைபெறுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரிகள் இவை.

மருந்து விற்போரைக் கண்காணிக்கும் பொறுப்பும் அக்காலத்தில் இருந்தது. அங்காடிக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கு வழிகாட்டும் நூல்கள் பல எழுந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ இயற்றிய நூல் அவற்றுள் ஒன்று. மருந்துச் சரக்குகளில், அபினில் கூட, நிகழும் கலப்படங்களைக் கண்டறியும் முறைகளை அது விவரிக்கிறது. மருந்துக் கடை வெறும் வணிகமன்று, பொது நலன் சார்ந்த பொறுப்பு என்ற எண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

கராஃபீயின் பகுப்பு

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் ஹஷீஷ் எனப்படும் கஞ்சா வகை எகிப்திலும் ஷாமிலும் பரவியபோது அறிஞருலகம் ஒரு நெருக்கடியைச் சந்தித்தது. அது பானமன்று, இலை. திருமறையிலோ நபிமொழியிலோ அதன் பெயர் இல்லை. நான்கு இமாம்களும் அதைப் பற்றி எதுவும் கூறியிருக்கவில்லை. பெயர் இல்லையே, பின் தடை எப்படி எனக் கேட்டவர்கள் அன்றும் இருந்தனர்.

எகிப்தின் மாலிகி அறிஞர் இமாம் கராஃபீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 684) தம் 'ஃபுரூக்' நூலின் நாற்பதாம் பகுதியில் இதற்கு ஒரு பகுப்பைத் தந்தார். அறிவை மறைப்பதோடு மகிழ்ச்சியும் துணிச்சலும் ஊட்டுவது முஸ்கிர். அறிவோடு புலன்களையும் சேர்த்து அணைத்துவிடுவது முர்கித். புலன்கள் விழித்திருக்க, மகிழ்ச்சியும் இன்றி, அறிவை மட்டும் குலைப்பது முஃப்ஸித். முர்கித் என்பது உறங்கச் செய்வது என்று பொருள்படும். குகைவாசிகள் பற்றிய திருமறை வரலாற்றில் உறங்குவோரைக் குறிக்க வரும் ருகூத் என்ற சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே.

இப்பகுப்பு சொல்லாராய்ச்சியோடு நிற்கவில்லை. முஸ்கிரில் ஒரு துளியும் கூடாது. முர்கிதும் முஃப்ஸிதும் அறிவையும் புலனையும் தாக்காத சிறு அளவில் தேவைக்குக் கொள்ளத்தக்கவை. அந்த எல்லையைத் தாண்டுவது குற்றம். தண்டனையும் மதுவுக்குரிய வரையறுத்த தண்டனையன்று. நீதிபதியின் முடிவுக்கு விடப்படுவது. மருந்தை மருந்தாக வைத்துக்கொண்டே, அதன் தீய பயனைத் தடுக்கும் நுட்பமான வழி இது.

இப்னு தைமிய்யா (1263-1328) வேறு கருத்துடையவர். ஹஷீஷை மதுவின் வரிசையிலேயே வைத்து அதே தண்டனையை விதிக்க வேண்டும் என்றார். அடுத்த நூற்றாண்டில் ஸர்கஷீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 794) இப்பொருள் ஒன்றைப் பற்றியே 'ஸஹ்ருல் அரீஷ்' என்னும் தனிநூல் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) யமனில் மெல்லப்படும் காத் இலையைப் பற்றி நூல் வரைந்தார். நம் சமையலறையில் உள்ள ஜாதிக்காய்கூட மிகுதியாக உண்டால் மயக்கும் என்பதால் அறிஞரின் ஆய்வுக்குத் தப்பவில்லை. தண்டனையில் வேறுபட்ட இவர்கள் அனைவரும் ஒன்றில் உடன்பட்டனர். அறிவைக் காத்தல் சட்டத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் 'முஸ்தஸ்ஃபா'வில் எண்ணிய ஐந்து காப்புகளில் அறிவுக்கு இடம் அளித்ததும் இதனாலேயே.

காலத்தோடு மாறிய தீர்ப்பு

நம் பகுதியினர் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். நம் அரபுக் கல்லூரிகளில் பாடநூலாக விளங்கும் 'ஹிதாயா' பன்னிரண்டாம் நூற்றாண்டில் மர்கீனானீ (ரஹ்) அவர்களால் எழுதப்பட்டது. பன்ஜினால் அறிவிழந்தவனை அந்நூல் உறங்குபவனோடு ஒப்பிடுகிறது. அந்நிலையில் அவன் கூறும் மணவிலக்கு செல்லாது. அக்காலத்தில் பன்ஜ் முதன்மையாக ஒரு மருந்து.

பதினேழாம் நூற்றாண்டில் ஹஸ்கஃபீ (ரஹ்) எழுதிய 'துர்ருல் முக்தார்' நூலுக்கு வரும்போது நிலை மாறிவிடுகிறது. இன்பத்திற்காகப் பன்ஜையோ அபினையோ உட்கொண்டு மயங்கியவனின் மணவிலக்கு செல்லும். மக்களைக் கண்டித்துத் தடுக்கவே இத்தீர்ப்பு என்கிறது பிற்கால ஹனஃபி மரபு. மருந்தாக உட்கொண்டவனுக்கோ பழைய தீர்ப்பே நீடிக்கிறது.

இங்கு ஆராயத்தக்கது மணவிலக்குச் சட்டமன்று. இடைப்பட்ட ஐந்து நூற்றாண்டுகளில் பொருள் மாறவில்லை; அதைப் பயன்படுத்தும் மக்கள் மாறினர். சட்ட அறிஞர்கள் கடைத்தெருவைக் கண்டு தீர்ப்பைத் திருத்தினர். நோயாளியையும் இன்பம் தேடுபவனையும் ஒரே தராசில் நிறுத்தவும் அவர்கள் மறுத்தனர்.

அரண்மனையில் அபின்

சட்டம் அறிந்திருந்தும் சமூகம் வழுவியதற்கு முகலாய அரசவை சான்று. ஹுமாயூன் அபின் பழக்கம் உடையவர். தம் மதுப் பழக்கத்தையும் அபின் பழக்கத்தையும் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் தாமே எழுதினார். அவருடைய உடன்பிறந்தோர் முராத், தானியால் இருவரும் இளவயதில் குடியால் மாண்டனர்.

1618இல் இனாயத் கான் என்ற அரசவை அதிகாரி பல்லக்கில் கிடத்தப்பட்டு ஜஹாங்கீர் முன் கொண்டுவரப்பட்டார். அபினும் மதுவும் அவரை எலும்பும் தோலுமாக ஆக்கியிருந்தன. அந்நிலை கண்டு வியந்த அரசர் ஓவியர்களை அழைத்து அவரை வரையச் செய்தார். அடுத்த நாள் இனாயத் கான் இறந்தார். வண்ண ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலும், கோட்டோவியம் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்திலும் இன்றும் உள்ளன. தலையணைகளுக்கிடையே ஒடுங்கிய மார்பும் குழிந்த கண்களுமாகக் கிடக்கும் அவ்வுருவம், போதைக்கு எதிரான எந்தச் சொற்பொழிவையும் விட ஆழமாகப் பேசுகிறது. அந்த அவையில் மருத்துவருக்கும் குறைவில்லை, மார்க்க அறிஞருக்கும் குறைவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆவியின் காலம்

உண்ணும் மயக்கப் பொருளோடு முகரும் மயக்கப் பொருளும் பெருவழக்காக வந்து சேர்ந்தது ஐரோப்பிய வேதியியலின் வழியே. இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி 1799 முதல் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவை முகர்ந்து ஆய்ந்தார். சிரிப்பூட்டும் வாயு எனப் பெயர் பெற்ற அதுவும், ஈதர் ஆவியும் மருத்துவமனைக்குச் செல்லும் முன் விருந்துகளிலும் கேளிக்கை மேடைகளிலும் உலவின. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் மார்ட்டன் ஈதர் கொடுக்க, வலியற்ற அறுவை பலர் முன்னிலையில் நடந்தேறியது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார்.

நைட்ரஸ் ஆக்சைடை 1844இல் பல் மருத்துவத்தில் பயன்படுத்திய ஹொரேஸ் வெல்ஸின் முடிவு துயரமானது. ஆய்வுக்காகத் தம்மீதே குளோரோஃபார்மைச் சோதித்தவர் அதற்கே அடிமையானார். அறிவு பிறழ்ந்த நிலையில் நியூயார்க் தெருவில் வழிச்சென்ற பெண்கள் மீது அமிலம் வீசி, சிறைப்பட்டு, 1848 ஜனவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிறர் வலியைப் போக்கிய பொருள் அவருடைய அறிவைப் போக்கிவிட்டது.

இந்த வரலாற்றில் தக்கணத்துக்கும் பங்கு உண்டு. குளோரோஃபார்ம் நோயாளியைக் கொல்வது எவ்வாறு என்ற வழக்கைத் தீர்க்க 1888இலும் 1889இலும் ஹைதராபாத்தில் இரு ஆய்வுக் குழுக்கள் கூடின. முன்னின்றவர் எட்வர்ட் லாரி என்ற ஆங்கில மருத்துவர். பொருளுதவி செய்தவர் நிஜாம் மீர் மஹ்பூப் அலீ கான். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவராகப் பலரால் கருதப்படும் ரூபாபாய் ஃபர்தூன்ஜி அந்நகரில் பயின்று பணியாற்றியவரே. நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்த குழு, முதலில் நிற்பது மூச்சே, இதயம் அன்று. மூச்சைக் கவனித்தால் போதும் என்று முடிவு கூறியது.

அம்முடிவு முழுமையானதன்று என்பது 1911இல் வெளிப்பட்டது. குளோரோஃபார்ம் இதயத்தை அட்ரினலின் சுரப்புக்கு மிகையாகத் துடிக்கும் நிலையில் வைக்கிறது, அதிர்ச்சியோ அச்சமோ நேர்ந்தால் இதயம் தாளம் தவறி உடனே நின்றுவிடக்கூடும் என்பதை குட்மன் லெவி ஆய்வில் காட்டினார். 1970இல் மில்லர்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர், கரைப்பான்களையும் தெளிப்பான்களின் வாயுவையும் முகர்ந்து திடீரென மாண்ட 110 இளைஞர்களின் மரணங்களை ஆராய்ந்து வெளியிட்டபோது, அதே கொலைகாரன் மீண்டும் அடையாளம் காணப்பட்டான். இத்தகைய மரணம் முதன்முறை முகர்பவனுக்கும் நேரலாம். முகர்ந்துகொண்டிருக்கும் சிறுவனைக் கண்டால் அதட்டித் துரத்தக் கூடாது. அமைதியாக அணுகிக் காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று மருத்துவர் கூறுவதன் காரணம் இதுவே.

மாத்திரையின் காலம்

முர்கித் மாத்திரை வடிவம் பெற்றது இருபதாம் நூற்றாண்டில். 1903இல் பார்பிட்டால் சந்தைக்கு வந்தது. 1960இல் குளோர்டயஸிபாக்சைடும் 1963இல் டயஸிபாமும் வந்தன. வலிப்பு, கடும் பதற்றம், அறுவைக்கு முந்தைய அமைதி ஆகியவற்றுக்கு இவை அருமருந்துகள். மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு இவை துணை நிற்கின்றன. தொடர்ந்து உட்கொண்டால் மூளை இந்தத் துணைக்குப் பழகிவிடுகிறது. அளவு ஏற ஏற, பழைய பயன் குறைகிறது. மதுவோடோ அபின் வகை வலிநிவாரணிகளோடோ சேரும்போது மூச்சு நின்று உயிர் போகும். நீண்ட நாள் உட்கொண்டவர் ஒரே நாளில் நிறுத்தினாலோ வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே இன்றோடு விட்டுவிடு என்று ஆணையிடுவது நன்மையாகாது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே வழி. மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுவோர் நிலை இன்னும் கொடிது. நரம்பு அடைப்பு, சீழ், கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. ஆகியவை அவர்களைத் தொடர்கின்றன.

இந்தியச் சட்டம் இவற்றை அறியாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டப் பட்டியலில் டயஸிபாம், அல்ப்ரஸோலம், நைட்ரஸிபாம் ஆகியவை உள்ளன. 2018இல் ட்ராமடால் சேர்க்கப்பட்டது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணைப்படி, இத்தகைய மருந்துகளை விற்போர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். முஹ்தஸிப் செய்த வேலையை இன்று அப்பதிவேடு செய்ய வேண்டும். விற்பவர் மனம் வைத்தால் மட்டுமே அது செய்யும்.

ஆவாரம்பட்டையிலிருந்து சொலூஷன் வரை

பாலாற்றங்கரைத் தோல் தொழில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் வளர்ந்தது. பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவது அந்நாள் வணிகம். 1970களில் அரசு பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையான தோலையும் தோல்பொருளையும் ஊக்குவித்தது. அதன்பின் ஆம்பூரும் சுற்றுப்புறமும் காலணி நகரங்களாயின. காலணியோடு பசையும் வந்தது. நம் தொழிலாளர் சொலூஷன் என்று வழங்கும் அப்பசையைக் கரைத்து வைத்திருப்பவை டொலுவீன், ஹெக்சேன், அசிட்டோன் முதலான கரைப்பான்கள். பசை உலர்கிறது என்றால் கரைப்பான் காற்றில் கலக்கிறது என்று பொருள். அக்காற்றைத்தான் பட்டறையில் இருப்போர் சுவாசிக்கின்றனர்.

இதன் விளைவை முன்னரே அனுபவித்தவை பிற காலணி நகரங்கள். இஸ்தான்பூலில் முஸஃப்பர் அக்ஸோய் என்ற மருத்துவர், பென்சீன் கலந்த பசையைக் கையாண்ட காலணித் தொழிலாளரிடையே இரத்தப் புற்று மிகுந்திருப்பதை 1974இல் வெளியிட்டார். ஏறத்தாழ 28,500 தொழிலாளரைக் கொண்ட அத்துறையில் 26 பேரிடம் கடும் இரத்தப் புற்றோ அதற்கு முந்தைய நிலையோ காணப்பட்டது. ஜப்பான் 1959இல் பென்சீன் பசையைத் தடை செய்தது. அதன் இடத்துக்கு வந்த ஹெக்சேன், 1960களில் அந்நாட்டுச் செருப்புத் தொழிலாளரின் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களை வலுவிழக்கச் செய்தது. இத்தாலியக் காலணித் தொழிலாளரும் அதே நோய்க்கு ஆளாயினர். ஒரு நஞ்சை அகற்ற வந்த மாற்று மற்றொரு நஞ்சாயிற்று.

இத்தொழிலாளர் எவரும் மயக்கத்தை நாடியவரல்லர். பிழைப்பை நாடியவர். வேண்டுமென்றே முகர்பவனின் உடலுக்குள் இதே ஆவி பன்மடங்கு செறிவோடு செல்கிறது. டொலுவீன் கொழுப்பில் கரைவது. ஆதலின் சில நொடிகளில் மூளையை அடைகிறது. முதலில் கிளர்ச்சி, பின் தடுமாற்றம், பின் உறக்கம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மூளையின் வெண்பகுதி சிதைந்து நினைவும் நடையும் பேச்சும் குலைகின்றன. சிறுநீரகம் பழுதுபட்டு, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, தசைகள் செயலிழக்கின்றன. கருவுற்ற தாய் முகர்ந்தால் குழந்தையின் வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. கராஃபீயின் பகுப்பை இங்கே பொருத்தினால் வியப்பே மிஞ்சும். தொடக்கத்தில் முஸ்கிர், அளவு ஏறினால் முர்கித், ஆண்டுகள் கழிந்தால் முஃப்ஸித் என மூன்று பெயரும் ஒரே டின்னுக்குப் பொருந்துகின்றன.

2019இல் வெளியான, மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு இரு செய்திகளைத் தருகிறது. 10 முதல் 75 வயதுடையோரில் மருத்துவத் தேவையின்றி அமைதியூட்டும் மருந்துகளைப் பயன்படுத்துவோர் சுமார் 1.18 கோடிப் பேர். பெரியவரைவிடச் சிறுவரிடம் விகிதம் மிகுந்திருக்கும் ஒரே போதை, முகரும் போதை. அதனால் உதவி தேவைப்படும் சிறுவர் 4.6 லட்சம், பெரியவர் 18 லட்சம் என அவ்வாய்வு மதிப்பிட்டது. காரணம் வெளிப்படை. பசை மலிவு, கடையில் கேள்வி இல்லை, பெயரில் பழி இல்லை.

பெயர் தேடும் சட்டம், விளைவு தேடும் அறிவு

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் மயக்கப் பொருள் பட்டியலில் காலணிப் பசை இல்லை. சிறுவருக்குப் போதைப் பொருள் தருவோருக்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவல் விதிக்கும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவும், மது, போதை மருந்து, புகையிலை, மனமயக்கப் பொருள் ஆகியவற்றையே பெயர் சொல்கிறது. எழுத்தை அழிக்கும் வெள்ளை மையும் அதன் தின்னரும் புட்டிகளில் சில்லறையாக விற்கப்படுவதை 2012இல் மத்திய அரசு தடுத்தது. அப்பொருளுக்குப் பெயர் கிடைத்தது, பசைக்குக் கிடைக்கவில்லை. தோல் ஒட்டவும், சைக்கிள் டியூப் ஒட்டவும், மரம் இழைக்கவும் தேவைப்படும் பொருளை முற்றாகத் தடை செய்ய எந்த அரசாலும் இயலாது என்பதும் உண்மையே. எனவே சட்டம் நிற்கும் இடத்திலிருந்து சமூகத்தின் பொறுப்பு தொடங்குகிறது.

நமக்கு இதில் முன்அனுபவம் உண்டு. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது, அது தொழில், அது வருமானம் என்று நெடுநாள் வாளாவிருந்தோம். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக நிலைநாட்டியது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் பேச நேர்ந்தது. நிலத்திலும் நீரிலும் கலந்த நஞ்சைக் கண் கண்டது. காற்றில் கலக்கும் கரைப்பானைக் கண் காண்பதில்லை. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு இழைப்பதும் கூடாது என்ற நபிவழி நெறியில் நீருக்கும் காற்றுக்கும் வேறுபாடு இல்லை.

இத்தொழிலின் செல்வம் நம் கல்விக்கு அடித்தளமிட்டது என்பதையும் மறக்கலாகாது. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் தோல் வணிகர் காகா முஹம்மது உமர் ஜாமியா தாருஸ்ஸலாமை நிறுவினார். மேல்விஷாரத்தின் நவாப் அப்துல் ஹகீமின் கொடை இன்றும் பேசப்படுகிறது. அறிவை வளர்க்கக் கொடுத்த கைகள் அறிவைக் காக்கவும் முன்வர வேண்டும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை.

செய்யத்தக்கவை பல. பட்டறையில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, மூடியுள்ள டின், நீரில் கரையும் பசைக்கு இயன்றவரை மாறுதல் ஆகியவை முதற்படி. பெரிய ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் அயல்நாட்டுக் கொள்வோரின் நெருக்குதலால் வரும் ஒழுங்கு, சிறு பட்டறைக்கும் வீட்டுத் திண்ணையில் மேல்தோல் தைக்கும் பெண்களுக்கும் தானாக வந்து சேர்வதில்லை. அதை முதலாளிகள் சங்கங்கள்தாம் கொண்டுசெல்ல வேண்டும். பசை டின்னைச் சிறுவர் கையில் தராதிருப்பதும், அதைப் பூட்டி வைப்பதும் செலவற்ற அறம். மருந்துச் சீட்டின்றி மாத்திரை தர மறுக்கும் கடைக்காரரை ஜமாஅத் பாராட்ட வேண்டும்.

சிக்கிக்கொண்டவரை ஒதுக்கித் தள்ளுவது தீர்வாகாது. மருந்தாகத் தொடங்கி அடிமையானவனையும் இன்பத்துக்காகத் தொடங்கியவனையும் வேறுபடுத்திய நம் சட்ட மரபு, இருவரையும் அறிவை மீட்க வேண்டியவராகவே கண்டது. இன்றைய சட்டமும் தாமாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு 64ஏ பிரிவில் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்துள்ளது. வேலூரை ஒட்டிய பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் உள்ளது. சென்னையில் 1980 முதல் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை போதை நோயாளிகளுக்கெனப் பணியாற்றி வருகிறது. 14446 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கு வலிமை சேர்க்கிறது.

மிம்பரில் மதுவைக் கண்டிப்பது தொடரட்டும். அதனோடு முஃபத்திர் என்ற அந்த இரண்டாம் சொல்லையும் மக்களுக்கு விளக்க வேண்டிய காலம் இது. பெயரில்லாத ஹஷீஷுக்குத் தீர்ப்புத் தேடிய அறிஞர்கள், கடைத்தெருவை நோக்கியே நூலைப் புரட்டினர். நாமும் நூலைப் புரட்டுமுன் பட்டறையையும் மருந்துக் கடையையும் ஒருமுறை நோக்குவோமாக. அறிவு இறைவன் தந்த அடைக்கலப் பொருள். அதைக் காக்கும் கடமை தனி மனிதனோடு முடிவதன்று, ஊருக்கும் உரியது.